ருக்கையா பீவி என்ற பெயரில் இருவர்

தேக்கா மார்க்கெட்டில் மைதீன் பாத்துவிடம் மசாலா வாங்க வருகிறவர்கள் அளவு சொல்ல வேண்டியதில்லை. என்ன சமைக்கப் போகிறார்கள், எத்தனை பேர் சாப்பிட உட்காருவார்கள் என்று சொன்னால் போதும். சீன வீட்டு ஆயாக்கள் வந்தால் என்ன சமையல் என்பதை "மசாக் அப்பா?" என்று மலாயில் கேட்பாள். மீன் என்றால் ஒரு கைக்கணக்கு, ஆட்டிறைச்சி என்றால் வேறு கணக்கு. மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், இஞ்சி பூண்டு எல்லாம் ஈரமாக அரைத்துத் தனித்தனித் தட்டுகளில் குவித்திருப்பாள். ஒவ்வொன்றிலும் கரண்டியால் வழித்து இலையில் வைத்து மடித்துக் கொடுப்பாள். தராசு கிடையாது. இருபது வருஷமாக யாரும் வந்து உறைப்பு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று புகார் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் வாயிலிருந்து தப்பியிருக்கவும் மாட்டார்கள்.

கடையநல்லூரிலிருந்து புருஷன் செய்யதோடு கப்பலேறி வந்தவள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய செய்யதை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். அவன் திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் அவள் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரை விட்டு வந்து, பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்தாள். மகள் ருக்கையாவும் ஓர் அம்மியும்தான் அன்று அவளுடைய சொத்து. பெண்பிள்ளையை எதற்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாய் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். "உன் வீட்டு மிளகாயவா நான் அரைக்கேன்?" என்று திருப்பிக் கேட்டாள். அதோடு சரி.

அந்த ருக்கையா டீச்சரானாள். அதே பள்ளியில் மதிய வகுப்பு எடுக்கும் ஹனீபாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாலு வருஷமாக மூன்று பேரும் அதே மாடி அறையில் இருந்தார்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் விடியுமுன்னே அம்மிக்குழவி உருள ஆரம்பித்துவிடும். மிளகாய் நெடியில் இந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறித் தும்முவார்கள். ஹனீபா நல்ல மனுஷன்தான். ஆனாலும் நாலு வருஷம் தும்மினால் யாருக்கும் வேறு ஊர் நினைப்பு வரத்தான் செய்யும்.

1967 அக்டோபரில் புருணையிலிருந்து கடிதம் வந்தது. இருவருக்கும் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம். குடியிருக்க வீடு உண்டு. டிசம்பர் இருபதாம் தேதி கப்பல். ஹனீபா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தான்.

"தனி வீடு ருக்கையா. சமைக்கத் தனிக் குசினி. ஜன்னலத் தொறந்தா ஆறு தெரியுமாம் லா."

"ஆறு இருக்கட்டும். தண்ணி பைப்புல வருமா?"

"எல்லாம் வரும். நீ பாரேன்."

அலுமினியப் பெட்டி ஒன்று வந்தது. அதில் முதலில் போனது துணி இல்லை, புத்தகங்கள். இலக்கணம், வாசகம், சொல்வதெழுதலுக்கு ருக்கையா கையால் எழுதிவைத்திருந்த நோட்டுகள். ஆற்றோரத்துப் பிள்ளைகள் மலாய் மட்டும்தான் பேசும், படம் காட்டித்தான் தொடங்க வேண்டும் என்று அவள் பழைய காலண்டர்களை வெட்டி மாடு, படகு, குடை என்று அட்டையில் ஒட்டினாள். மைதீன் பாத்து கறித்தூளை வறுத்து இடித்து டின்னில் அடைத்தாள். மகள் போவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டின்கள் மட்டும் கூடிக்கொண்டே போயின. எட்டாவது டின்னைப் பார்த்து ஹனீபா, "மாமி, அங்க பள்ளிக்கூடம் நடத்தப் போறோமா, சோத்துக்கடை வைக்கப் போறோமா?" என்றான்.

"பேசாம இரிங்க மருமவனே. அங்கன போயி மண்ணத் திங்கும்போது தெரியும்."

பாஸ்போர்ட் எழுதப்போன இடத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது. ருக்கையாவின் பிறப்புக் காகிதம் எட்டாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. மஞ்சள் கறை வேறு. நம்பர் இருந்த மூலையைப் பூச்சி தின்றிருந்தது. பதிவு அலுவலகத்தில் போய்ப் புதுப் பிரதி வாங்கி வரச் சொன்னார்கள். அங்கே நாகூர் கனி என்று தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். மைதீன் பாத்துவிடம் மசாலா வாங்குகிற வீடு. பெரிய புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தவர் ருக்கையாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்க பேர்ல ரெண்டு பதிவு இருக்கு."

"தப்பா எழுதியிருப்பாங்க."

"அத்தா பேரு ஒண்ணு, அம்மா பேரு ஒண்ணு, வீட்டு நம்பர்கூட ஒண்ணு. ருக்கையா பீவி, முப்பத்தொன்பது நவம்பர். அது உங்க கையில இருக்கற காகிதம். இன்னொரு ருக்கையா பீவி, நாப்பத்திரண்டு டிசம்பர். ஜப்பான் காலத்துப் பதிவு. ரெண்டுல யாரும் செத்ததா எங்கயும் எழுதலை. அப்ப நீங்க யாரு, மத்தவங்க எங்கன்னு மேல கேக்கறாங்க. உங்க அம்மாவ வந்து சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கச் சொல்லணும் டீச்சர்."

ருக்கையா பஸ்ஸில் ஏறாமல் மழையில் நடந்தே வந்தாள். இருபத்தெட்டு வயது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் வயதே தெரியாமல் போனது. எப்போதும் வகுப்பில் தான்தான் குட்டி, முன்வரிசையிலிருந்து யாரும் தன்னைப் பின்னால் அனுப்பியதே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து ஈரத்துணி மாற்றாமல் அம்மாவின் எதிரில் நின்றாள்.

மைதீன் பாத்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு முன்னாடி ஒரு புள்ள இருந்துச்சா?"

பூண்டு உரிக்கிற கை நிற்கவில்லை.

"யாரு சொன்னா?"

"கவர்மெண்டு புத்தகம் சொல்லுது."

"இருந்துச்சு. போயிட்டு."

"அதுக்கும் ருக்கையாதான் பேரா?"

"அதுக்குத்தான் மொதல்ல பேரு. பொறவுதான் ஒனக்கு. அவ பேரையே வச்சா அவளே வந்த மாதிரி இருக்கும்னு ஒங்க அத்தா சொன்னாவ. நம்ம ஊர்ல வைக்கிறதுதான்."

"அப்ப என் கையில இருக்கறது யாரு காகிதம்?"

மைதீன் பாத்து அடுத்த பூண்டை எடுத்தாள். ஹனீபாதான் பக்கத்தில் உட்கார்ந்து நயமாகக் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினான். சின்னவள் பிறந்ததும் செய்யது போய் ஜப்பான்காரன் ஆபீஸில் பதிந்து ஒரு காகிதம் வாங்கி வந்திருக்கிறான். சண்டை முடிந்தபோது அவள் முடிச்சில் வைத்திருந்த ஜப்பான் நோட்டெல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போனது. தெருவில் போட்டால்கூட யாரும் குனியவில்லை.

"நோட்டே செல்லாமப் போச்சு. அவன் கொடுத்த காயிதம் மட்டும் செல்லுமாக்கும்? நோட்டோட சேத்து அதையும் அடுப்புல போட்டுட்டேன். மூத்தவ காயிதம் வெள்ளைக்காரன் கொடுத்தது. ராசா முத்திரை போட்டது. அதத்தான் பள்ளிக்கூடத்துல கொண்டு குடுத்தேன். ரெண்டும் ஒரே பேரு, ஒரே அத்தா. எந்தக் காயிதமா இருந்தா என்ன?"

அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? அந்த வருஷம் ஜப்பான் காகிதத்தை நம்பியவர்களைவிட அடுப்பில் போட்டவர்கள்தான் புத்திசாலிகள் என்று ஊரே சொன்னது.

அன்றிரவு தடுப்புக்கு இந்தப் பக்கம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மூன்று வயதைக் கூட்டிக் காட்டி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள் என்று யாராவது கேட்டால், புருணை இருக்கட்டும், இங்கே இருக்கிற வேலையே என்னாகும் என்று ருக்கையா பயந்தாள். மறுநாள் சாயங்காலம் ஹனீபா ஒரு வழியோடு வந்தான்.

"ரொம்ப யோசிக்காத. ரெண்டு பதிவுல ஒண்ணு செத்துப்போச்சு, அவ்வளவுதானே கேக்கறாங்க? சின்னதுதான் செத்துச்சுன்னு சொல்லிடலாம். பொறந்த கொஞ்ச நாள்ல காய்ச்சல். சண்டைக் காலம், யாரு கேக்கப் போறா? நீ மூத்தவளாவே இரு. உன் காகிதம், சர்டிபிகேட், கல்யாணம் எதுவும் மாறாது. ஒரு வாரத்துல பாஸ்போர்ட்."

"நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"நீ இல்ல லா. பதிவு. புத்தகத்துல ஒரு வரி."

"உண்மையச் சொன்னா?"

"கேட்டுட்டேன். நாகூர் கனி சொல்றாரு, விசாரிச்சு, திருத்தி, புதுக் காகிதம் போட்டு, ரெண்டு மாசமோ மூணு மாசமோ. கப்பல் நிக்குமா? புருணைக்காரங்க எனக்காக நிப்பாங்களா, உனக்காக நிப்பாங்களா?"

ருக்கையா அம்மாவைப் பார்த்தாள். இந்த மாதிரிப் பொய்க்கு அம்மா குதிப்பாள் என்று எதிர்பார்த்தாள். மைதீன் பாத்து குதிக்கவில்லை.

"அப்படியே சொல்லுதேன்" என்றாள் உடனே. "மூத்தவ இருக்கட்டும்."

அவ்வளவு சீக்கிரம் அம்மா சம்மதித்தது ருக்கையாவுக்கு வலித்தது. ஆனால் அவளும் மறுக்கவில்லை. தனிக் குசினியும் ஆற்றைப் பார்த்த ஜன்னலும் அவள் மனசிலும் இருந்தன. அதைப் பற்றி அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அதற்குள் நோன்பு வந்துவிட்டது. நோன்பு மாதத்தில் மசாலாக் கடைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மைதீன் பாத்து விடியுமுன் ஸஹருக்கு எழுந்து சாப்பிட்டு அப்படியே அம்மிக்குப் போய்விடுவாள். நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலிலிருந்து ஆள் வரும். மலாய் வீடுகளிலிருந்து ரெண்டாங் இறைச்சிக்கு மசாலா கேட்டு வருவார்கள். இத்தனைக்கும் நடுவில் நோன்பு ஐந்தாம் நாள் அலுவலகத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். காலை வியாபாரத்தைப் பக்கத்துக் கடை ஜமால் முகம்மதுவிடம் ஒப்படைத்துவிட்டு, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். எவ்வளவு கழுவினாலும் விரல் மஞ்சளாகத்தான் இருந்தது. மழை விடாமல் பெய்தது.

ஹனீபாவை உள்ளே விடவில்லை. அவன் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சீன அதிகாரி, ஒல்லியானவர். பக்கத்தில் நாகூர் கனி. மேசையில் துணியில் சுற்றிய குர்ஆன். மைதீன் பாத்து தொழுகைக்குப் போவது போலக் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கை வைத்து, சொல்லச் சொன்னதைச் சொன்னாள். பெயர், ஊர், புருஷன் பெயர், பெற்ற பிள்ளைகள் எத்தனை.

"ரெண்டு" என்றாள்.

அதிகாரி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நாகூர் கனி அதைத் தமிழில் சொன்னார்.

"மாமி, ரெண்டாவது புள்ள, நாப்பத்திரண்டு டிசம்பர்ல பொறந்தது. அது எப்ப இறந்துச்சு?"

அதிகாரியின் பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. நாகூர் கனி மறுபடி கேட்டார். அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். தலைமுடி நனைந்து, மடியில் காகிதக்கட்டை அணைத்துக்கொண்டு ருக்கையா உட்கார்ந்திருந்தாள்.

"சொல்ல முடியாது தம்பி."

"மாமி?"

"என் பக்கத்துல உக்காந்து மூச்சுவிடுத புள்ளைய, செத்துப்போச்சுன்னு நோன்பு வாயோட எப்படிச் சொல்லச் சொல்லுதிய? வீட்டுல சொன்னேன். வாய் வந்துச்சு. இங்க இவ மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்ல முடியல. இவதான் ரெண்டாவது. போனது மூத்தவ."

கப்பல் போய்விட்டது என்று அந்த இடத்திலேயே ருக்கையாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வெகு நாள் கழித்து அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

மூத்தவள் எப்போது, எப்படி என்று அதிகாரி கேட்டார். மைதீன் பாத்து அதன்பிறகு நிறுத்தவில்லை.

"நோன்புக்கு முந்தின மாசம். வயித்தால போயி, மூணே நாள். மருந்து இல்ல. இவ அப்ப வயித்துல அஞ்சு மாசம். இவ அத்தாவும் இன்னொருத்தரும் விடியக்காலம் எடுத்துட்டுப் போயி, கூலி லயத்துக்குப் பின்னால மேட்டுல வச்சுட்டு வந்தாவ. யாருக்கும் சொல்லல. சொன்னா அரிசி அட்டையில பேர அடிச்சிருவான். அவ பேருக்கு வாரத்துக்கு வாரம் அரிசி வரும். அத வாங்குனேன். வாங்கி ஆக்கித் தின்னேன். அவ போனப்புறமும் அவ சோத்தத் தின்னுதான் இவளப் பெத்தேன். ஜப்பான்காரன் போற வரைக்கும் வாங்குனேன். அந்த மேட்டப் பொறவு வெட்டி நெரவிட்டாவ. இப்ப அங்கன பெரிய பெரிய கட்டடம். எந்த எடம்னுகூடத் தெரியல."

நாகூர் கனி மூக்கைச் சீந்திக்கொண்டு அதிகாரியிடம் இங்கிலீஷில் சொன்னார். மூத்த குழந்தை 1942 ஆகஸ்டில் வயிற்றுப்போக்கால் இறந்தது, போர்க்காலமானதால் பதியவில்லை. அதிகாரி அதை எழுதினார்.

"எழுதிட்டாவளா?" என்று மைதீன் பாத்து கேட்டாள்.

"எழுதியாச்சு மாமி."

"அரிசிய எழுதுனாவளா?"

"அதெல்லாம் வேணாம் மாமி. ஜப்பான்காரன் அரிசிய இப்ப யாரு கேக்கப் போறா?"

"நான் சொன்னேன்ல. சொன்னத எழுதணும்ல?"

நாகூர் கனி தயங்கினார். ருக்கையா நாற்காலியை முன்னால் இழுத்தாள். எட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே தெளிவான இங்கிலீஷில், அவசரப்படாமல், தன் அம்மா சொன்னது இது என்று வாக்கியம் வாக்கியமாக அதிகாரியிடம் சொன்னாள். மேட்டையும் அரிசி அட்டையையும் சொன்னாள். தின்னேன் என்று சொன்னதையும் விடவில்லை. அதை எழுதச் சொல்லிக் கேட்டாள். அதிகாரி அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு இன்னொரு தாள் எடுத்து எழுதினார்.

கைநாட்டு வைக்கும்போது மைதீன் பாத்துவின் பெருவிரலில் ரேகை விழவில்லை. இத்தனை வருஷம் குழவி தள்ளித் தள்ளித் தேய்ந்துபோயிருந்தது. மூன்று தரம் மையில் அமுக்கியும் வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. இடது கை விரலில் கொஞ்சம் கோடு தெரிந்தது. அதை வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு அதிகாரி சொன்னதை ருக்கையாவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஜப்பான் காலப் பதிவை உறுதிசெய்து அவள் பேரில் புதுச் சான்றிதழ் தர இரண்டு மாதமாகும். வயது மாறுவதால் அவளுடைய துறைக்கும் எழுதுவார்கள், அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. அதுவரை பாஸ்போர்ட் இல்லை. பழைய காகிதம் இறந்தவருடையது, அதை இங்கேயே ரத்து செய்து வைத்துக்கொள்வார்கள். அவர் கையை நீட்டினார்.

மைதீன் பாத்து அந்த நீட்டிய கையைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"அத எடுத்துக்கிடுவாவளா?"

"ஆமாம்மா."

"அத எதுக்கு எடுக்காவ? அடக்குன கபுர் இல்ல. போட்டா இல்ல. அவ உடுத்த துணிகூட ஒனக்குத்தான் போட்டேன். அது ஒண்ணுதான அவளுக்குண்டானது." மகளின் மடியிலிருந்த காகிதக்கட்டின்மேல் கையை வைத்தாள். "அத வச்சுத்தான அவளும் ஒங்கூடப் படிச்சா. அவளும் பாஸானா. டீச்சரானா. ரெண்டு புள்ளையையும் சேத்துல்ல நான் அம்மியில அரைச்சுப் படிக்க வச்சேன். மூத்தவ இருக்கட்டும்னு ஏன் சொன்னேன்னு நெனச்ச?"

தன்னைவிட மூத்தவள்மேல்தான் அம்மாவுக்குப் பாசம் என்று இந்த ஒரு வாரம் புழுங்கியதை நினைத்து ருக்கையாவுக்கு வெட்கமாக இருந்தது. அதிகாரியிடம் ஐந்து நிமிஷம் கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அம்மாவோடு அவள் வெளியே வந்தபோது ஹனீபா எழுந்து வந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எவ்வளவு நாளு?"

"ரெண்டு மாசம். அதுக்கப்புறமும் வேலை நிச்சயமில்ல."

"ஒரு வரி" என்றான் ஹனீபா. குரல் உயர்ந்தது. "ஒரே ஒரு வரி, அதச் சொல்ல முடியலையா? நான் மட்டும் அந்த வீட்டுல போய் என்ன பண்ணுவேன்? சொல்லு. ஆத்தப் பாத்துட்டு உக்காரவா?"

"நீங்க இருபதாந்தேதி போங்க. ஒப்பந்தத்த விட்டா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடும்."

"நீ வரலைன்னா?"

"தெரியலைங்க."

பொய் சொல்ல அவள் தயாராக இருந்தாள் என்றால், அது இந்த மனுஷனுக்காகவும்தான். அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் அவனால் மேற்கொண்டு சத்தம் போட முடியவில்லை. தாழ்வாரத்து ஓரம் போய், ஒழுகுகிற மழையைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றான். தோள் குலுங்கியது. மைதீன் பாத்து அவனிடம் போக எழுந்தவள், என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

ருக்கையா பெஞ்சில் காகிதத்தை விரித்தாள். கைப்பையில் புருணைப் பிள்ளைகளுக்காக வாங்கிய புது நோட்டு இருந்தது. அதில் ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் இல்லாமலேயே நேராகக் கோடு போட்டு, கட்டம் கட்டமாக எழுதினாள். பெயர். பிறந்த நாள். பிறந்த இடம். தகப்பன் பெயர், தொழில். தாய் பெயர். இத்தனை வருஷம் எத்தனையோ பாரங்களில் தன்னுடையது என்று எழுதிய அதே விவரம்தான். இன்று முதல் தடவையாக வேறொருத்தியுடையதை எழுதினாள். பூச்சி தின்ற மூலைக்கான நம்பரைப் புத்தகத்தில் பார்த்து நாகூர் கனி வந்து சொன்னார், அதையும் போட்டாள்.

மை காயட்டும் என்று ஊதிவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். மைதீன் பாத்துவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"வாசி" என்றாள்.

ருக்கையா ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் வாசித்தாள். மைதீன் பாத்து தலையைக் குனிந்து கேட்டாள்.

"அவ்வளவுதானா? அவ மௌத்தாப் போனதும் அரிசியும் இதுல வரலையே?"

"இது பொறந்ததுக்கு உண்டான காகிதம்மா. இதுல அதெல்லாம் எழுத மாட்டாங்க."

"சரிதான்" என்றாள் மைதீன் பாத்து. தாளை இரண்டாக மட்டும் மடித்தாள். "அதெல்லாம் எம்பேர்ல எழுதியாச்சுல்ல. அது போதும்."

ருக்கையா பழைய காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.